நான்காவது பூட்டு

மூன்று பேர் கூண்டுக்குள் போனார்கள், மூன்று பேரும் வெளியே வந்தார்கள், அவரவர் பூட்டை அவரவர் கழற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது.

ஆய்வக உதவியாளரின் மறதி என்றுதான் பேராசிரியை முதலில் நினைத்தாள். மனிதர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதித் தூக்கத்தில்தான் நடமாடுவார். "அண்ணே, உங்க பூட்டை யாரு எடுப்பா?" என்றாள். கண்ணாடி அறைக்குள் நுழையப்போனவர் திரும்பி, இடுப்பில் தொங்கிய பச்சைப் பூட்டைத் தட்டிக் காட்டினார். ஆராய்ச்சி மாணவியின் ரோஜா நிறப் பூட்டு அவள் கையில் இருந்தது. பேராசிரியையின் சிவப்புப் பூட்டு கோட்டுப் பையில் கனத்தது. சுவிட்சில் தொங்கியது கறுப்பு. சின்னது. பெயர் ஒட்டாதது.

மின்பொறியியல் துறைக் கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது அந்த உயர் மின்னழுத்த ஆய்வகம். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் உள்ளே எப்போதும் ஒரே குழல்விளக்கு வெளிச்சம், எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த ஒரே வாசனை. நடுவில் கூரையைத் தொடும் கம்பிவலைக் கூண்டு. கூண்டுக்குள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றாலும் உச்சி எட்டாத மின்மாற்றித் தொட்டி. அதன் பின்னால் சோதனைக்குரிய பீங்கான் அடுக்கு. கூண்டு வாசலை ஒட்டி வெளியே மெயின் சுவிட்ச். எதிர்ப்பக்கம், உதவியாளர் உட்கார்ந்து மின்னழுத்தத்தைத் திருகி ஏற்றும் கண்ணாடி அறை. அங்கிருந்து சுவிட்சும் அதன் முன் நிற்பவர்களும்தான் தெரியும். பேச வேண்டுமென்றால் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள மைக்கின் பொத்தானை அழுத்த வேண்டும்.

கூண்டுக்குள் போகும் ஒவ்வொருவரும் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதிலுள்ள இரும்புக் கவ்வியில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் தானே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் கைப்பிடி மேலே ஏறாது, மின்சாரம் வராது. அடுத்தவர் பூட்டை யாரும், துறைத் தலைவரே ஆனாலும், தொடக் கூடாது. இந்த விதியை எழுதியதே பேராசிரியைதான். புது மாணவர்கள் வந்த முதல் நாளே அவர்கள் கண்ணில் நீர் வரும் அளவுக்கு அதைச் சொல்லி மிரட்டுவாள். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், உன் கண்ணை நம்பாதே, பூட்டை நம்பு என்பாள்.

"பழைய பசங்க யாராவது மாட்டிட்டுப் போயிருப்பாங்க மேடம்" என்றார் உதவியாளர்.

"காலையில இல்லையே அண்ணே. நான்தானே கைப்பிடியை இறக்கினேன்?" என்றாள் மாணவி. சிட்டு என்பது அவளுக்குத் துறையில் வழங்கிய பெயர். ஆள் அவ்வளவு சின்னது, நடை அவ்வளவு துருதுரு.

மூவரும் மறுபடி உள்ளே போய்த் தேடினார்கள். தொட்டிக்குப் பின்னால், பீங்கான் அடுக்கின் சந்தில், கேபிள் குழியின் மூடிக்கு அடியில். தூசியும் ஒரு பழைய கையுறையும்தான் அகப்பட்டன. வெளியே வந்து பார்த்தபோது கறுப்புப் பூட்டு அப்படியே இருந்தது. பேராசிரியை அதைத் தொட்டாள். ஏசி குளிரில் சுவிட்சுப் பெட்டியெல்லாம் சில்லிட்டிருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் ஒருவர் உள்ளங்கையில் வைத்திருந்து மாட்டிய மாதிரி.

"ரூல்படி பூட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, அவர் குரலைக் கேட்டுட்டுத்தான் வெட்டணும்" என்றார் உதவியாளர்.

"யாருக்கு அண்ணே பண்றது? பேரே இல்லையே."

சிட்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பீங்கானைப் பார்ப்பதுமாக நிலைகொள்ளாமல் நின்றாள். சோதனைக்காகப் பீங்கானில் தடவிய உப்புப் பூச்சு சரியான பக்குவத்தில் காய்ந்திருந்தது. அந்தப் பக்குவம் தப்பினால் கழுவி, மறுபடி பூசி, நாள் முழுக்கப் போய்விடும். அவளுடைய ஆய்வேட்டுக்கு இந்த ஒரு சோதனைதான் பாக்கி. கடல் கடந்து ஒரு வேலை காத்திருந்தது. இந்த வாரத்துக்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். ஒருமுறை ஆய்வகத்துக்கே தேடி வந்த அவள் அம்மா பேராசிரியையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எந்நேரமும் இந்தக் கரண்ட்டோட மல்லுக்கட்டறா. நீங்கதான்மா பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பெண்ணின் மேல் பேராசிரியைக்குக் கொள்ளைப் பிரியம். அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் திட்டிக்கொண்டே இருப்பாள்.

"நாம மூணு பேரும் வெளியே இருக்கோம். உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு" என்றாள் பேராசிரியை. "கட்டரைக் கொண்டாங்க."

கறுப்புப் பூட்டின் வளையம் எளிதில் அறுபடவில்லை. அறுபட்டபோது கூண்டுக்குள் எங்கோ ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரோ நாக்கால் உச்சுக் கொட்டிய சத்தம். இரும்பு தளர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வழக்கப்படி ஒலிபெருக்கியில் உதவியாளரின் குரல் வந்தது. "உள்ளே யாரு?" கூண்டைச் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராக "வெளியே" என்று சொல்ல வேண்டும். பேராசிரியை சொன்னாள். சிட்டு சொன்னாள். உதவியாளர் தன் பங்குக்கும் சொல்லிவிட்டுத் திருகினார். அடிவயிற்றில் உணரும்படியாக ரீங்காரம் எழுந்தது, இடி விழுந்த இடத்தில் வருகிற காட்டமான வாசனை மெல்லப் பரவியது.

கசிவு மின்னோட்டத்தைக் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. ஏறியது, இறங்கியது. பேராசிரியை தன்னையறியாமல் அதனோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அதை உணர்ந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன மேடம் இது? தூங்கற மாதிரி போகுது" என்று சிட்டு சிரித்தாள்.

கம்பி முனைகளில் நீல ஒளி எங்கே கசிகிறது என்று பார்க்க விளக்குகளை அணைப்பது வழக்கம். அணைத்தார்கள். பேராசிரியை வலையை ஒட்டி நடந்து கூண்டின் பின்பக்கம் போனாள். பீங்கான் அடுக்கின் உச்சியில், எதிர்பார்த்த இடத்தில், ஊதா நீலமாக ஒரு புகைச்சல். சரி. அதற்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், வெறும் காற்றுதான் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து சின்ன நீலப் புள்ளிகள். ஒன்று சற்றே விலகி, மற்ற நான்கும் வரிசையாக. மின்புலத்துக்குள் எந்தக் கூர்மையான பொருள் நின்றாலும் அதன் நுனி ஒளிரும். கம்பி நுனி. ஊசி நுனி. விரல் நுனி.

புள்ளிகள் மெதுவாக மடங்கின.

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். விளக்கு வந்தது. அங்கே ஒன்றுமில்லை. என்ன பார்த்தாள் என்று சிட்டு கேட்டபோது, "முள் சரியில்லை, நாளைக்குப் பண்ணலாம்" என்று மட்டும் சொன்னாள். விரலைப் பார்த்தேன் என்று சொன்னால் பல்கலைக்கழகமே வாயால் சிரிக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த வெட்கம்தான் அவளை வாயடைக்க வைத்தது. பயம்கூட அதற்கு அடுத்தபடிதான்.

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள், கதவைத் தாழிட்டோமா என்று பார்த்தாள், மறுபடி அடுப்பைப் பார்த்தாள். கணவர் பல் மருத்துவர். நாளெல்லாம் அடுத்தவர் பயத்தை வாய் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர், வீட்டில் எதற்கும் அசைய மாட்டார்.

"என்ன, கூண்டுக்குள்ள விட்ட புலி மாதிரி நடக்கறே? உக்காரேன்."

"ஒண்ணுமில்லை. ஒரு அளவு சரியா வரலை."

"அளவு வரலைன்னா இப்படியா? யாரையாவது உள்ளே வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டியா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்தது. அவர் குனிந்து சில்லுகளைப் பொறுக்கி எழும்போது, மேசை மேல் அவள் கைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த அறுபட்ட பூட்டின் மேல் அவர் கை பட்டது. "இதை எங்கே வெயில்ல வெச்சிருந்தே?" என்றார். வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் பழைய மாணவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். கறுப்புப் பூட்டு யாருடையதும் இல்லை. ஆய்வகம் கட்டிய நாளிலிருந்து யாருக்கும் எந்த விபத்தும் நேர்ந்ததில்லை என்று துறைத் தலைவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். யாராவது செத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது அது யார் என்றாவது தெரிந்திருக்கும். படுக்கையில் புரண்டுகொண்டே அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். பூட்டு ஒருத்தருடைய உயிருக்கு ஈடு. அதைக் கழற்றித்தான் அவர் வெளியே வந்தவராகக் கணக்காகும். பூட்டை வெட்டிவிட்டால்? உள்ளே இருந்தவர் எதைக் கழற்றி வெளியே வருவார்?

மறுநாள் காலையிலேயே சிட்டு வந்து பூச்சைப் பூசி முடித்திருந்தாள். பேராசிரியை போனதும் முதலில் சுவிட்சைப் பார்த்தாள். ரோஜா ஒன்று. பச்சை ஒன்று. வேறில்லை. நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது.

"இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா கேப்பியா?"

"மேடம்! நாளைக்கு ஏட்டைக் கொடுக்கணும். இன்னைக்கு வேண்டாம்னா என்னைக்கு?" சிட்டுவின் கண் கலங்கிவிட்டது. "அம்மா பெட்டியே கட்டிட்டாங்க."

பேராசிரியை சரி என்று தலையசைத்தாள். உதவியாளர் கூண்டிலிருந்து வெளியே வந்து, பச்சைப் பூட்டைக் கழற்றிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனார். சிட்டு மட்டும் தொட்டிக்குப் பின்னால், பூச்சைக் காயவைக்க ஹேர் டிரையரைப் போட்டபடி நின்றாள். ஆள் தெரியவில்லை. அதன் இரைச்சல் மட்டும் கேட்டது. பேராசிரியை சுவிட்சின் முன்னால் நின்றுகொண்டாள். கூண்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ரோஜா நிறப் பூட்டைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டாள். இந்தப் பூட்டு தொங்கும்வரை அந்தப் பெண்ணை எதுவும் அண்டாது. வேறு எந்தப் பூட்டும் இங்கே வந்து தொங்கவும் கூடாது. கண் எரிந்தது. இமைக்காமல் பார்த்தாள்.

கூண்டின் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. மூடியது. பழக்கமான செருப்புச் சத்தம். பக்கத்தில் சிட்டுவின் கோட்டுக் கை நீண்டது, சாவியைப் போட்டது, பூட்டைக் கழற்றியது.

"முடிஞ்சுது மேடம்."

அப்பாடா என்றிருந்தது. பேராசிரியை மூச்சை விட்டாள். பூட்டைக் கழற்ற சாவி வேண்டும், சாவி சிட்டுவிடம்தான் உண்டு. அவள் வந்துவிட்டாள். அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினாள்.

"உள்ளே யாரு?" என்றது ஒலிபெருக்கி.

"வெளியே" என்றாள் பேராசிரியை.

"வெளியே" என்றாள் சிட்டு, மைக்கின் பொத்தானை அழுத்தியபடி.

"நானும் வெளியே" என்றார் உதவியாளர். கணக்குச் சரி. ரீங்காரம் எழத் தொடங்கியது.

ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. பேராசிரியை தலையைச் சாய்த்துக் கேட்டாள். காற்று இரையும் சத்தம். தொட்டிக்குப் பின்னாலிருந்து.

"டிரையரை அணைக்கலையாடி?"

"அணைச்சுட்டேனே மேடம்."

"சத்தம் வருதே."

"அணைச்சுட்டேன் மேடம்."

இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னாள். ஒரே ஏற்றம். ஒரே இறக்கம். பேராசிரியை திரும்பிப் பார்க்க நினைத்தாள். திரும்ப முடியவில்லை. பக்கத்தில் நிற்பவளிடமிருந்து எண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாசனை வந்தது.

டிரையர் நின்றது.

"காய்ஞ்சிருச்சு மேடம்!" கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். உற்சாகமான குரல். தொட்டியின் பின்னாலிருந்து டிரையரின் வயரைச் சுருட்டிக்கொண்டே சிட்டு வந்தாள். நெற்றியில் உப்புத் தீற்றல். தலையை நிமிர்த்தினாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

பேராசிரியை கைப்பிடியைக் கீழே இழுக்கப் போனாள். அதற்குள் அவள் கை மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்திருந்தது. வெதுவெதுப்பான கை. டக் என்று ஒரு சத்தம். கைப்பிடி மேலே இருக்கும்போதும் பூட்டுவதற்கு அதில் ஒரு துளை உண்டு. இத்தனை வருடங்களில் யாரும் அதில் பூட்டு மாட்டியதில்லை. இப்போது ரோஜா நிறப் பூட்டு அதில் தொங்கியது.

இழுத்தாள். வரவில்லை. மைக்கின் பொத்தானைத் தேடினாள். அதை அழுத்தாமல் மூடியபடி ஒரு விரல் ஏற்கெனவே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதவியாளர் அளவுமானியில் கண்ணை வைத்து, ஒரு கையால் மெல்லத் திருகிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சுவிட்சின் முன்னால் மேடமும் சிட்டுவும் நிற்பது தெரிந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

"அண்ணே! அண்ணே! நிறுத்துங்க!"

கண்ணாடி அறையை எட்டுமுன் ரீங்காரம் அவள் குரலைத் தின்றது.

கூண்டுக்குள் சிட்டு அசையாமல் நின்றாள். அசையக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே பேராசிரியைதான். அவள் கண் பேராசிரியையைப் பார்க்கவில்லை. பக்கத்தைப் பார்த்தது.

"மேடம்... உங்க பக்கத்துல நிக்கறது யாரு?"

பேராசிரியை பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அதே குரல் அவள் காதருகே கூப்பிட்டது. அமைதியாக. மைக்கில்.

"உள்ளே யாரும் இல்லை அண்ணே. முழுசா ஏத்துங்க."

ரீங்காரம் அடித்தொண்டைக்கு இறங்கியது. வலைக்கு அந்தப் பக்கம், சிட்டுவின் பின்னலிலிருந்து முடி ஒவ்வொரு இழையாக விடுபட்டு மேலே எழுந்தது. நெற்றியில் விழுந்திருந்த சுருள், காதோரப் பூனை முடி, எல்லாம் எழுந்து, அவள் பயந்த சின்ன முகத்தைச் சுற்றி விரிந்து நின்று நடுங்கின. வலைக்கு இந்தப் பக்கம், பேராசிரியையின் தோளில் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.